கேமரன் மலையில் குளிர் உண்டு, குளிர்காலம் இல்லை



தரையை நோக்கித் தொங்கும் கிளைகளும், இழை இழையாகப் பிளந்த செந்நிற இலைகளும் கொண்ட ஜப்பானிய மேப்பிள் மரத்தை இணையப் படங்களில் கண்டு மயங்காதவர் குறைவு. அதன் விதை என்று கூறி, நீல இலைகளின் படம் போட்ட பொட்டலங்களும் இணையத்தில் விற்கப்படுகின்றன. அவற்றை வாங்கிப் பள்ளித் தோட்டத்தில் விதைக்கச் சொல்லிப் பிள்ளைகளிடம் கொடுப்பதை நான் ஏற்கவில்லை. பணம் போனால் போகட்டும். விதை முளைக்காதபோது, தனக்குக் கைராசி இல்லை என்று ஒரு பிள்ளை நம்பிவிடுகிறதே, அதுதான் வருத்தம்.

நீல இலை மேப்பிள் உலகில் எங்கும் கிடையாது. உண்மையான விதையும் ஏறக்குறைய 3 மாதம் ஈரக் குளிரில் கிடந்தால்தான் முளைக்கும். முளைத்தாலும் தாய்மரத்தின் தொங்கும் வடிவம் அப்படியே அமையும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவேதான், சாதாரணப் பச்சை மேப்பிள் நாற்றின்மீது தொங்கும் வகையின் குச்சியை ஒட்டுக்கட்டுகின்றனர். நம் முசாங் கிங் டுரியானும் ஒட்டுக்கன்றாகத்தானே வருகிறது!

ஜப்பானிலும் கொரியாவிலும் இம்மரம் இலையுதிர்த்துக் குளிர்காலம் முழுவதும் உறங்குகிறது. அவ்வுறக்கம் இன்றி அது நீண்டகாலம் நலமாக வாழாது. பகலில் 30 பாகை செல்சியசைத் தாண்டும் நம் ஊர்களில் அதற்கு ஏது உறக்கம்? கேமரன் மலையின் குளிரும் போதாது.

குளிர்நாட்டில் வாழும் உறவினர் நட விரும்பினால் தாராளமாக நடட்டும். இலையுதிர்காலமோ, துளிர்விடுவதற்கு முந்திய நாள்களோ ஏற்ற வேளை. குழி அகலமாக இருக்கலாம்; ஆழமோ வேர்க்கட்டியின் அளவுதான். தண்டின் அடி மண்ணில் புதைந்தால் மரம் நலியும். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் வேண்டும். வேர்கள் மேலாகவே ஓடுவதால், மரப்பட்டைத் துண்டுகளைத் தண்டில் படாமல் பரப்பி ஈரம் காக்கவேண்டும். நீர் தேங்கவும் கூடாது. தொங்கும் வகை தானாக உயராது. இளமையிலேயே நடுத்தண்டைக் கழியில் கட்டி உயர்த்தவேண்டும். ஒட்டுக்குக் கீழே கிளம்பும் தளிரை உடனே நீக்கவேண்டும். விட்டுவைத்தால், அழகுக்காக வாங்கிய மரத்தை அது அமுக்கிவிடும்.

நம் பள்ளிகளில் இம்மரத்தைப் படமாகக் காட்டி, இங்கே ஏன் வளராது என்று அறிவியல் பாடத்தில் கேட்கலாம். தோட்டத்திற்கு ஒரு ரம்புத்தான் ஒட்டுக்கன்று போதும். ஒட்டிய இடத்தைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும்; அதற்குக் கீழே தளிர் வந்தால் அவர்களே கிள்ளி எறியட்டும்.