தண்ணீர் புகும் சப்பாத்தும் காது கேளாத கடையும்

மழை பிடித்துவிட்டது. பெரும்போக வேலைகள் தொடங்கிவிட்டன. வயற்காரருக்கும், மாட்டுப்பட்டி வைத்திருப்பவருக்கும், வடிகான் துப்புரவு செய்யும் தொழிலாளிக்கும் இந்த நாட்களில் கட்டாயம் வேண்டிய பொருள் ஒன்று இருக்கிறது. முழங்கால் வரை வரும் ஒரு சோடி இறப்பர் சப்பாத்து. நாம் கம்பூட்ஸ் என்று சொல்வது.

"சேர், எழுதுவதற்கு வேறு விசயம் கிடைக்கவில்லையா?" என்று சிலர் கேட்கக்கூடும். கிடைக்கும். ஆனால் அரசியல் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கூலிக்காரனின் காலைப் பற்றி எழுதத்தான் ஆள் இல்லை.

முன்பெல்லாம் ஒரு நல்ல சோடி வாங்கினால் நாலைந்து போகம் தாக்குப்பிடிக்கும். அப்பா போட்டதை மகன் போட்டுக்கொண்டு வயலுக்குப் போவதை நாம் கண்டிருக்கிறோம். இப்போது ஒரு போகம் முடிவதற்குள் கணுக்கால் மடியும் இடத்தில் வெடிக்கிறது. அல்லது அடிப்பாகம் வாயைப் பிளக்கிறது. விலை மட்டும் வருடா வருடம் ஏறுகிறது.

சென்ற வருடம் நமது வயலில் வேலை செய்பவருக்கு நகரத்துக் கடையொன்றில் ஒரு சோடி வாங்கிக் கொடுத்தோம். மூன்றாவது கிழமை ஒட்டு விட்டுவிட்டது. பற்றுச்சீட்டோடு போனோம். "பாவிச்ச சாமானை எப்படி எடுக்கிறது?" என்றார் முதலாளி. பாவிக்காமல் ஒரு சப்பாத்து ஒழுகுமா ஒழுகாதா என்று எப்படி அறிவது? பற்றுச்சீட்டின் அடியில் "விற்ற பொருட்கள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சடித்திருந்ததைக் காட்டினார். பெட்டியில் இருந்த இறக்குமதியாளரின் இலக்கத்துக்கு அழைத்தோம், யாரும் எடுக்கவில்லை. வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினோம். நீலக்குறி விழுந்தது, பதில் விழவில்லை. கடைசியில் சைக்கிள் கடையில் டியூப் துண்டு வைத்து ஒட்டித்தான் அந்தப் போகம் முடிந்தது.

இது காசு நட்டத்தோடு முடிகிற கதை அல்ல. எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் இருக்கிறது. காலில் உள்ள சிறு கீறல் வழியாகவும், நீண்ட நேரம் நனைந்து ஊறிய தோல் வழியாகவும் உடம்புக்குள் போகிறது. 2008 இல் நமது நாட்டில் 7,000க்கும் அதிகமானோர் இந்த நோய்ச் சந்தேகத்தில் பதிவானார்கள். 200க்கும் அதிகமானோர் இறந்தார்கள். வரம்பு ஓரத்தில் கண்ணாடி விரியன் தீண்டுவதும் பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும்தான்.

உழுத சேற்றுக்குள் பூட்ஸ் போட்டு நடக்க முடியாது, புதைந்துவிடும் என்பது வயல் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் வரம்பு செதுக்கவும், வாய்க்கால் வெட்டவும், மருந்தடிக்கவும், பட்டி கூட்டவும், வெள்ளம் வடிந்த பின் வீடு கழுவவும் அது வேண்டும். ஒழுகுகிற சப்பாத்தோ வெறுங்காலை விட மோசமானது. வெறுங்கால் என்றால் கழுவிக்கொள்ளலாம். ஓட்டைச் சப்பாத்துக்குள் போன அழுக்குத் தண்ணீரும் மருந்துத் தண்ணீரும் மாலை வரை காலை ஊறவைத்துக்கொண்டே இருக்கும். போட்டிருப்பவரோ பாதுகாப்பாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார்.

ஏன் தரம் இப்படிக் குறைந்தது? விஞ்ஞானப் பாடத்தில் வல்கனைசுப்படுத்தல் என்று படிப்பிக்கிறோமே, அதில்தான் விசயம் இருக்கிறது. இயற்கை இறப்பரோடு கந்தகம் சேர்த்து அளவாகச் சூடாக்கினால் அது உறுதியும் நெகிழ்வும் பெறும். செலவைக் குறைக்க விரும்பும் உற்பத்தியாளர் இறப்பரைக் குறைத்துச் சுண்ணாம்புத் தூள் போன்ற நிரப்பிகளைக் கூட்டுவார். சப்பாத்து பாரமாக, கெட்டியாகத் தெரியும்; மடிக்க மடிக்கக் கிழியும். இன்னும் பல, இறப்பர் என்ற பெயரில் விற்கப்படும் பி.வி.சி. பிளாஸ்டிக். பி.வி.சி. எல்லாம் கூடாது என்று சொல்லவில்லை. ஒரே அச்சில் நன்றாக வார்த்தது ஒழுகாது, விலையும் குறைவு. ஆனால் மலிவான கலவை நாட்பட இறுகிப்போய் வெடிக்கும். பி.வி.சி.யை பி.வி.சி. என்று சொல்லி விற்கட்டும். அதுதான் நமது கேள்வி.

இந்த வீழ்ச்சி நமது ஊர்க் கடைகளுக்கு மட்டும் உரியதும் அல்ல. இங்கிலாந்து நாட்டுப்புறத்தின் அடையாளமாகவே மாறிவிட்ட ஹண்டர் பூட்ஸைப் பாருங்கள். 1856 இல் ஹென்றி லீ நொரிஸ் என்ற அமெரிக்கர் ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் தொடங்கிய நோர்த் பிரிட்டிஷ் இறப்பர் கம்பனியில் இருந்து வந்தது அது. முதலாம் உலகப் போரில் பதுங்குகுழிச் சேற்றில் நின்ற சிப்பாய்களுக்காக 11 இலட்சத்துக்கும் அதிகமான சோடிகளை அந்தக் கம்பனி செய்து கொடுத்தது. பின்னர் அரச குடும்பத்தின் அங்கீகாரமும் கிடைத்தது. 2006 இல் கடனில் மூழ்கிக் கை மாறியது. 2008 இல் ஸ்கொட்லாந்து உற்பத்தி நிறுத்தப்பட்டு வேலை வெளிநாடுகளுக்குப் போனது. பூட்ஸ் சீக்கிரம் வெடிக்கிறது என்ற முறைப்பாடுகள் அதன் பிறகு பரவலாகக் கேட்கத் தொடங்கின. 2023 இல் கம்பனி மீண்டும் நிதி நெருக்கடியில் விழுந்தது. பெயரையும் வடிவமைப்பு உரிமைகளையும் அமெரிக்க நிறுவனம் ஒன்று வாங்கிக்கொண்டது. பணவீக்கம், விநியோகச் சிக்கல், மழை குறைந்த காலநிலை என்று பல காரணங்கள் அதற்குச் சொல்லப்பட்டன. எது எப்படியோ, தொழிற்சாலை ஒரு பக்கம், பெயர் ஒரு பக்கம் என்று பிரிந்த பிறகு, வெடித்த சப்பாத்தோடு ஒருவர் யாரிடம் போய் நிற்பது?

நமது கதை இதைவிடக் கவலையானது. நாம் இறப்பர் விளையும் நாடு. 1876 இல் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் இருந்து வந்த இறப்பர் கன்றுகள் ஹெனரத்கொடையில் நடப்பட்டன. 1952 இல் சீனாவுக்கு இறப்பர் கொடுத்து அரிசி வாங்கினோம். இறப்பர் அரிசி ஒப்பந்தம் என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். இன்று நமது இறப்பரில் செய்த டயர்களும் கையுறைகளும் உலகமெங்கும் போகின்றன. அவை வெளிநாட்டு வாடிக்கையாளரின் பரிசோதனைக்கு நின்று பிடிக்கின்றன. நமது அரிசியை விளைவிப்பவனின் காலுக்கு மட்டும் எந்தப் பரிசோதனையும் இல்லாத சரக்கு போதும் என்று யார் முடிவு செய்தது?

வியாபாரிகளின் பக்கத்தையும் பேசத்தான் வேண்டும். 2022 இல் டொலர் ஏறிய பிறகு இறக்குமதிச் செலவு எங்கோ போய்விட்டது. சனம் பழைய விலையிலேயே கேட்கிறது. அந்த விலைக்கு மெல்லிய சரக்குத்தான் வரும். சிறு கடைக்காரர் திருப்பி எடுத்தால் இறக்குமதியாளர் அவரிடம் திருப்பி எடுப்பதில்லை. நட்டம் அவர் தலையில். இது உண்மை. ஆனால் மெல்லிய சரக்கை மெல்லிய சரக்கு என்று சொல்லி விற்பதற்கு டொலர் தடையாக இல்லையே. சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, மேலே காய்ந்ததும் உள்ளே ஈரமானதுமாக இருந்ததை நபியவர்கள் கண்டித்த சம்பவம் நம்மில் தெரியாதவர் இல்லை. ஈரத்தை மேலே போட்டிருந்தால் வாங்குபவர் பார்த்துத் தீர்மானித்திருப்பார். வருடக்கணக்காகத் தகரக் கூரைக் களஞ்சியத்தில் வெந்து செத்த இறப்பரைத் துடைத்து மினுக்கிக் கண்ணாடி அலுமாரியில் வைப்பதும் அதே ஈரம்தான்.

சட்டமும் நம்மைக் கைவிடவில்லை. எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால் பொருள் அந்தத் தேவைக்கு உகந்ததாக இருக்க வேண்டும் என்பது 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. பொருள் பழுதென்றால் வாங்கி மூன்று மாதத்துக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விபரம் கேட்கலாம்.

ஆகவே சில வேண்டுகோள்கள்.

வாங்கும்போது கணுக்கால் பகுதியை நன்றாக மடித்துப் பாருங்கள். மடிப்பில் மயிர்க்கோடு போல வெடிப்புத் தெரிந்தால் வைத்துவிடுங்கள். நல்ல இறப்பரின் மேல் சில நேரம் வெள்ளைப் பூப் படிந்திருக்கும். அது பூஞ்சணம் அல்ல, இறப்பரைக் காக்கச் சேர்த்த மெழுகு வெளியே வருவது. துடைத்தால் போய்விடும்.

வயலுக்குப் போட முன் ஒரு வாளித் தண்ணீருக்குள் காலோடு ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ஒழுகினால் அன்றே கடைக்குப் போங்கள். "பாவிச்ச சாமான்" என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

வேலை முடிந்ததும் கழுவி நிழலில் காயவிடுங்கள். வெயிலும் டீசல், மண்ணெண்ணெய் போன்றவையும் இறப்பருக்கு எதிரி.

எந்தச் சப்பாத்தும் மருந்துக்குப் பதில் ஆகாது. சேற்றில் இறங்குபவர்கள் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை பற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

கமக்காரர் அமைப்புகளுக்கு ஒன்று: ஐம்பது பேர் சேர்ந்து ஒரே கடையில் வாங்குங்கள், மூன்று மாத உத்தரவாதத்தை எழுத்தில் கேளுங்கள். தனி ஆளைத் திருப்பி அனுப்பும் கடை ஐம்பது பேரை அனுப்பாது.

கடை முதலாளிமாருக்கும் ஒன்று: வெடித்த சப்பாத்தோடு வருபவரை முதலில் இருக்கச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டை வாங்கிப் பாருங்கள். மாற்றிக் கொடுக்க முடியாவிட்டாலும் பாதி விலையையாவது கழித்து விடுங்கள், அல்லது இறக்குமதியாளரிடம் அவருக்காக ஒரு வார்த்தை பேசுங்கள். அந்த வாடிக்கையாளர் உங்களை ஊர் முழுக்கப் புகழ்ந்து திரிவார்.

உங்கள் பகுதியில் பழுதை மாற்றிக் கொடுத்த நல்ல கடைகள் இருந்தால் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். கெட்டதைத் திட்டுவதை விட நல்லதைக் காட்டிக் கொடுப்பது வயற்காரருக்கு அதிகம் உதவும். மழை இன்னும் கூடப் போகிறது.