வீட்டு வரியும் நியாயமும்

வரி என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் முகஞ்சுளியாதார் உலகில் அரியர். எனினும் வரியின்றி நகர வாழ்க்கை நடவாது. காவிரியிலும் கொள்ளிடத்திலும் எடுக்கப்படும் நீர் நம் வீட்டுக் குழாய்களை அடைவதும், வீதிகள் துப்புரவாவதும், இரவில் விளக்குகள் எரிவதும் பொதுப்பணத்தாலன்றோ? திருச்சிராப்பள்ளி 1866-இலும், திருவரங்கம் 1871-இலும் நகராட்சிகளாயின. 1994-இல் அவ்விரண்டும் பொன்மலையும் ஒன்றுகூடி மாநகராட்சியாயின. இக்காலமெல்லாம் வீட்டு வரி உள்ளூராட்சியின் வருவாயுள் தலையாயதொன்றாக இருந்துவருகின்றது. ஆகலின் வரி வேண்டுமா என்று நாம் வினவவில்லை. தாங்கத்தக்கவர் தோளில் அச்சுமை ஏற்றப்படுகின்றதா என்றே வினவுகின்றோம்.

2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நம் மாநில அரசு இவ்வரியை உயர்த்திற்று. சென்னை நீங்கலான மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குட்பட்ட குடியிருப்புகளுக்கு 25 விழுக்காடும், 1,200 வரை 50 விழுக்காடும், 1,800 வரை 75 விழுக்காடும், அதற்கு மேற்பட்டவற்றிற்கு 100 விழுக்காடும் ஏற்றப்பட்டன. சிறிய வீட்டார்க்குச் சிறிய சுமை என்னும் நோக்கம் போற்றத்தக்கதே. ஆயினும் வீட்டின் அளவு வீட்டாரின் செல்வத்திற்கு அளவுகோலாகுமோ?

திருவரங்கத்தில் நமக்குத் தெரிந்த மூதாட்டி ஒருவர் உளர். மாமனார் காலத்து ஓட்டு வீடு. திண்ணை, நடை, முற்றம், கிணறு என நீண்டு கிடப்பது. கணவர் இறந்தபின் வரும் சிறு ஓய்வூதியமே அவர்க்கு வாழ்வு. அரையாண்டு வரிச்சீட்டை நம் கையிற் கொடுத்து, "இந்தத் திண்ணைக்குங்கூட வரி உண்டா, தம்பி?" என்று வினவினார். தமிழ் பயிலும் நமக்கு விடை கூற இயலவில்லை. அத்தெருவிலேயே ஒரு மனை பல்லாண்டுகளாக முட்புதர் மண்டிக் கிடக்கின்றது. அதன் உடையவர் விலை ஏறட்டும் என்று காத்திருக்கின்றார். கட்டிடம் இல்லாமையால் அவர்க்கு விதிக்கப்படும் வரி சிறிது. வீடு கட்டிக் குடியிருப்பவர் மிகுதியாகச் செலுத்த, நிலத்தைப் பாழ்போட்டவர் குறைவாகச் செலுத்துவது நியாயமாகத் தோன்றவில்லை.

இதற்கு மாற்று யாது? வருமானத்திற்கேற்ப வாங்கலாமே என்பர் சிலர். வருமான வரி மத்திய அரசுக்குரியது. உள்ளூராட்சி வாங்கும் தொழில் வரியோ, 1988-ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தால் ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்னும் எல்லைக்குட்பட்டது. இலட்சம் ஈட்டுபவரும் கோடி ஈட்டுபவரும் அவ்வெல்லையைத் தாண்டார். பொருள்களின்மேற் சுங்கம் விதித்தாலோ, அரிசியும் பருப்பும் வாங்கும் ஏழையே முதலில் வருந்துவான். முதற் குலோத்துங்கன் சுங்கந்தவிர்த்த சோழன் எனப் பெயர் பெற்றான். அவனே 1086-இல் நாட்டு நிலத்தை அளப்பித்தான். வணிகத்தின் சுமையை இறக்கியவன் நிலத்தை அளவாது விட்டிலன் என்பது சிந்திக்கத்தக்கது.

நிலத்தின் விலை உடையவன் உழைப்பால் மட்டும் ஏறுவதில்லை. தில்லைநகரில் ஒரு மனை விலையேறுவது சாலையாலும், கடைகளாலும், சுற்றிலும் மக்கள் குடியேறியதாலுமே. ஊரார் உண்டாக்கிய மதிப்பில் ஊரார்க்கும் பங்குண்டு என்று அமெரிக்கரான ஹென்றி ஜார்ஜ் 1879-இல் வெளியிட்ட நூலில் வாதித்தார். எஸ்தோனியா நாட்டில் கட்டிடத்தை விடுத்து நிலத்திற்கு மட்டும் வரி வாங்குகின்றனர். வீட்டின் பங்கைக் குறைத்து நிலத்தின் பங்கைக் கூட்டினால், கட்டுவோர் ஊக்கமடைவர், பாழ்மனைகளும் பயன்படும்.

இவ்வழியிலும் இடர்கள் உள. நம் மூதாட்டியின் வீடு கோயிலை அடுத்தது. அங்கு நிலத்தின் விலை மிகுதி. நில வரி வந்தால் அவர் சுமை முன்னினும் கூடும். ஆதலால், வருவாய் குறைந்த முதியோர் வரியைத் தள்ளிவைத்து, வீடு விற்கப்படும் காலத்தில் வட்டியுடன் செலுத்தும் உரிமை வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் முதியோர்க்கு இத்தகைய ஏற்பாடு உண்டு. மேலும், திருவரங்கத்தில் அடிமனை கோயிலுக்குரியதா, குடியிருப்போர்க்குரியதா என்னும் வழக்கு நெடுங்காலமாக உள்ளது. நிலம் யாருடையது என்று தெளியாத இடத்தில் நில வரியை யார்மேல் விதிப்பது? அவ்வழக்கு முடியுங்காறும் அப்பகுதிக்குப் பழைய முறையே தொடரலாம்.

இறுதியாக நம்மைப் பற்றியும் ஒரு சொல். வழிபாட்டிடங்களுக்கும் கல்விநிலையங்கள் பலவற்றிற்கும் சட்டம் வரிவிலக்கு அளித்துள்ளது. அவ்விலக்கால் குறையும் தொகையைப் பிற வீட்டார் நிரப்புகின்றனர். அவருள் நம் மூதாட்டியும் ஒருவர். கோயிலிலும் ஆலயத்திலும் கல்லூரியிலும் நிழல் பெறுவோர் இதனை மறத்தல் தகாது. வரி கணக்கிடப்படும் முறையை எளிய தமிழில் ஒவ்வொரு சீட்டிலும் மாநகராட்சி அச்சிடுமாயின், திண்ணைக்கு வரி உண்டா என்று எந்த மூதாட்டியும் பிறரை வினவ வேண்டியதில்லை. அதுகாறும் அண்டை வீட்டாரின் சீட்டைப் படித்து விளக்குதல் கற்றவராகிய நம் கடன் என்பதே நம் துணிபு.