ஆங்கிலம் பழகுவோம்: இப்போது நடக்கிறதா, எப்போதும் நடக்கிறதா?



“மீன் பிடிக்கிறார்” என்று நாம் சொன்னால், இந்த நேரம் வாவியில் வலை வீசிக்கொண்டிருக்கிறார் என்றும் கொள்ளலாம்; அவருடைய தொழிலே அதுதான் என்றும் கொள்ளலாம். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் போதும். ஆங்கிலத்தில் அப்படியில்லை. “ஹி கச்சஸ் பிஷ்” என்றால் அது அவரது தொழில். அவர் வீட்டில் உறங்கும்போதும் அப்படிச் சொல்லலாம். “ஹி இஸ் கச்சிங் பிஷ்” என்றால் இப்போதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறார். இதுவே தொடர் நிகழ்காலம்.

இதை அமைப்பது எளிது. ‘ஐ’ வந்தால் ‘ஆம்’. ‘ஹி’, ‘ஷி’, ‘இற்’ வந்தால் ‘இஸ்’. ‘யூ’, ‘வீ’, ‘தே’ வந்தால் ‘ஆர்’. அதன்பின் வினைச்சொல்லுடன் ‘இங்’ சேருங்கள். “ஐ ஆம் குக்கிங்”, “ஷி இஸ் குக்கிங்”, “தே ஆர் குக்கிங்”. இல்லை என்று சொல்ல நடுவில் ‘நொட்’ போடுங்கள்: “ஐ ஆம் நொட் குக்கிங்”. கேள்வி கேட்க முதல் இரு சொற்களையும் இடம் மாற்றுங்கள்: “ஆர் யூ குக்கிங்?” நம்மில் பலர் “ஐ குக்கிங்” என்று நடுச்சொல்லை விட்டுவிடுகிறோம், “ஐ ஆம் குக்” என்று ‘இங்’கையும் விட்டுவிடுகிறோம். இரண்டும் சேர்ந்தே வரவேண்டும்.

இது பரீட்சைக்கு மட்டுமான பாடமல்ல. எமது மாவட்டத்திலிருந்து பல சகோதரிகள் வீட்டுப் பணிப்பெண்களாக மத்திய கிழக்குக்குச் செல்கிறார்கள். அங்கே உதவி கேட்கும்போது சிலவேளை கைகொடுப்பது உடைந்த ஆங்கிலம்தான். “ஹி ஹிற்ஸ் மீ” என்றால் அவர் என்னை அடிப்பது வழக்கம். “ஹி இஸ் ஹிற்றிங் மீ” என்றால் இந்த நிமிடமே அடித்துக்கொண்டிருக்கிறார். இரண்டுமே முறையிட வேண்டியவை. ஆனால் இரண்டாவதைக் கேட்பவர் உடனே வரவேண்டும் என்று விளங்கிக்கொள்வார். வெளிநாட்டில் துன்பப்படுபவருக்காக இங்குள்ள வீட்டார் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம் என்பதையும் குறித்து வையுங்கள்.

தற்காலிக நிலையைச் சொல்லவும் இதே காலம் உதவும். “ஐ ஆம் ஸ்ரேயிங் வித் மை சிஸ்ரர்” என்றால் சில நாட்களுக்கு மட்டும் அக்காவுடன் இருக்கிறேன். “ஐ லிவ் வித் மை சிஸ்ரர்” என்றால் அதுவே என் நிலையான வீடு. உத்தியோகத்தர் கேட்கும்போது நிலைமைக்குப் பொருந்துவதைச் சொல்லுங்கள். தீர்மானித்துவிட்ட பயணத்துக்கும் இது பொருந்தும்: “ஐ ஆம் கம்மிங் ஹோம் ஒன் பிரைடே.”

ஒரு கவனம்: அறிதல், விரும்புதல், உடைமை போன்றவற்றுக்குப் பொதுவாக ‘இங்’ வராது. “ஐ ஆம் நோயிங்” அல்ல, “ஐ நோ”. “ஐ ஆம் ஹாவிங் ரூ சில்ட்ரன்” அல்ல, “ஐ ஹாவ் ரூ சில்ட்ரன்”.

இம்மாதப் பயிற்சி: இன்று மாலை உங்கள் வீட்டில் ஒவ்வொருவரும் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று ஐந்து வசனம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிள்ளைகள் சிரித்தால், “தே ஆர் லாபிங்” என்று ஆறாவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.