பட அட்டைக்கு 100 கோடி!

கும்மிடிப்பூண்டி அருகே மகிந்திராவும் ஜப்பானின் சுமிடோமோவும் சேர்ந்து தொழிற்பூங்கா நடத்துகின்றன. அந்த ஜப்பான் நாட்டு ஆட்டக்காரர்களின் பேரில் ஒரு புது வியாபாரம் நடக்கிறது.

நமக்குக் கிரிக்கெட் போல, அங்கே பேஸ்பால். வளரும் ஆட்டக்காரரின் பட அட்டையை இன்று வாங்குகிறார்கள். அவர் புகழ் பெற்றதும் நல்ல விலைக்கு விற்கலாம் என்பது கணக்கு.

கணக்கு பலிக்குமா?

அமெரிக்க வீரர் மிக்கி மேன்டிலின் 1952-ம் வருஷத்து அட்டை, 2022-ல் 126 லட்சம் டாலருக்கு விலை போயிற்று. சுமார் 100 கோடி ரூபாய்! காரணம் என்ன? விற்காத அட்டைகளைக் கம்பெனி கடலில் கொட்டியதாகச் சொல்கிறார்கள். பிள்ளைகளும் தூக்கி எறிந்தார்கள். மிஞ்சியது கொஞ்சம்.

இன்றோ எல்லோரும் பத்திரப்படுத்துகிறார்கள். பிறகு எப்படிக் கிராக்கி வரும்?

ஆட்டக்காரரும் மனிதர்தானே! ஜப்பானின் ரோகி சசாகி 2025-ல் அமெரிக்க அணியில் சேர்ந்தார். மே மாதமே தோளில் காயம். பல மாதம் ஆட முடியவில்லை.

தபால் ஆபீஸ் சேமிப்புக்கு வட்டி உண்டு. அட்டைக்கு வட்டி இல்லை. வாங்க ஆள் வந்தால்தான் விலை.

பிள்ளை ஆசைப்பட்டால் ஓர் அட்டை வாங்கிக் கொடுங்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தை அதில் போடாதீர்கள்!