மூடி வானத்தது, புகை நம்முடையது

தில்லியில் கார்த்திகை பிறந்துவிட்டால் பேச்செல்லாம் புகையைப் பற்றித்தான். தேநீர்க் கடையிலும் விடுதி உணவுக்கூடத்திலும் ஒரே புலம்பல். முடிவில் யாராவது ஒருவர், "என்ன செய்வது? காற்றே இல்லை. காற்று அடித்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று தீர்ப்புக் கூறுவார். மற்றவர்களும் தலையை ஆட்டிவிட்டுக் கலைந்து போவார்கள். பழியைக் காற்றின்மேல் போட்டாயிற்று. இனி நமக்கு வேலையில்லை! இந்தத் தீர்ப்பில் பாதி உண்மை இருக்கிறது. அதனாலேயே இது முழுப் பொய்யைவிடத் தீங்கானது என்பது என் கருத்து.

உண்மையான பாதியை முதலில் பார்ப்போம்.

மேலே எழும் காற்று குளிர்கிறது என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். ஏன் குளிர்கிறது என்று கேட்டால், "மேலே குளிர் அதிகம், அங்கே போனதும் குளிர்ந்துவிடுகிறது" என்று பலர் சொல்வார்கள். அது சரியன்று. உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறையக் குறைய, எழும் காற்று விரிகிறது. விரிய வேண்டுமானால் சுற்றியுள்ள காற்றைத் தள்ள வேண்டும். அந்த வேலைக்கு வேண்டிய ஆற்றலைத் தன்னிடமுள்ள வெப்பத்திலிருந்தே அது எடுத்துச் செலவிடுகிறது. அதன் வெப்பத்தை எவரும் பறிப்பதில்லை. கைப்பணத்தைத் தானே செலவழித்து ஏழையாகிறது. சைக்கிள் பம்பை வேகமாக அடிக்கும்போது காற்று அழுந்தி, பம்பின் அடிப்பகுதி சுடுகிறதல்லவா? அதற்கு நேர் எதிரான செயல் இது. உலர்ந்த காற்று ஒரு கிலோமீட்டர் எழுந்தால் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் குளிரும். ஈரம் மிகுந்து மேகமாகத் தொடங்கிய காற்று அவ்வளவு விரைவாகக் குளிராது. நீராவி நீர்த்துளியாகும்போது வெளிப்படும் வெப்பம் அதற்குக் கைகொடுக்கிறது.

இப்படி எழுந்த காற்று மேலும் எழுமா, நின்றுவிடுமா? போய்ச் சேர்ந்த உயரத்தில், சுற்றியுள்ள காற்றைவிட அது வெதுவெதுப்பாக இருந்தால் இலேசானது, இன்னும் எழும். குளிர்ந்திருந்தால் கனமானது, அதற்குமேல் போகாது. மே மாதப் பகலில் தில்லியின் தரை அடுப்புக்கல்லாகக் காய்கிறது. தரையை ஒட்டிய காற்று இரண்டு மூன்று கிலோமீட்டர் உயரம்வரை எழுந்து கலக்கிறது. புகையும் அத்தனை உயரத்துக்கும் பரவி நீர்த்துப் போகிறது.

குளிர்கால இரவில் கதை மாறிவிடுகிறது. இரவு நீண்டது, வானத்தில் மேகமில்லை. தரை தன் வெப்பத்தை வானுக்கு வீசிவிட்டுச் சில்லிட்டுப் போகிறது. தரையைத் தொட்ட காற்றும் சில்லிடுகிறது. அதற்கு மேலுள்ள காற்றோ அவ்வளவு குளிர்வதில்லை. கீழே குளிரும் மேலே வெதுவெதுப்புமாக அமையும் இந்த நிலையை வெப்பத் தலைகீழ் மாற்றம் என்பார்கள். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். விடியற்காலையில் தரையருகே 8 டிகிரி, 100 மீட்டர் உயரத்தில் 10 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். குப்பை எரிந்த புகை, பக்கத்துக் காற்றோடு கலந்து 10 டிகிரி சூட்டில் எழுகிறது. 100 மீட்டர் ஏறினால் அது 9 டிகிரியாகிவிடும். அங்கே சுற்றிலும் இருப்பதோ 10 டிகிரி. ஆகவே 70 மீட்டரை எட்டுமுன்பே அது நின்றுவிடும். நகரத்தின்மேல் மூடி விழுந்துவிட்டது!

ஆனால், நண்பர்களே, பானைக்குள் இருப்பதை மூடியா போட்டது? இந்த மூடி ஆண்டுதோறும் வருவது. எந்த மாதத்தில் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே வருகிற விருந்தாளியைத் திடீர் விபத்து என்று சொல்லலாமா?

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன்மீதும் இத்தகைய மூடிதான் விழுந்தது. நிலக்கரிப் புகை வெளியேற வழியின்றித் தெருக்களில் தேங்கியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அந்நாட்டார் வானத்து மூடியை உடைக்கப் புறப்படவில்லை. 1956இல் தூய காற்றுச் சட்டம் இயற்றி, வீட்டு அடுப்பின் நிலக்கரிப் புகையைப் படிப்படியாகக் குறைத்தார்கள். லண்டனில் காற்று இன்றும் சில நாள் அசையாமல் நிற்கத்தான் செய்கிறது. அந்தக் கொலைகாரப் புகை இல்லை.

நாம் என்ன செய்கிறோம்? 2021இல் கன்னாட் பிளேசில் 24 மீட்டர் உயரத்தில் காற்றை வடிகட்டும் கோபுரம் ஒன்றைத் திறந்தோம். பரந்து கிடக்கும் தில்லிக்கு ஒரு கோபுரம்! 2025 அக்டோபரில் விமானத்தை அனுப்பி மேகத்தில் மருந்து தூவிப் பார்த்தோம். காற்றில் போதிய ஈரம் இல்லை. எதிர்பார்த்த மழை பெய்யவில்லை. ஈரக் காற்று தானே எழுந்து குளிர்ந்தால்தான் மேகம் திரளும். உலர்ந்து அசையாமல் கிடக்கும் காற்றில் மருந்து தூவி என்ன பயன்?

"பஞ்சாபில் வைக்கோல் கொளுத்துகிறார்கள், நாம் என்ன செய்ய முடியும்?" என்று கேட்கலாம். வைக்கோல் தீ பெரும்பாலும் அக்டோபரிலும் நவம்பரிலும்தான். ஜனவரியிலும் மூச்சு முட்டுகிறதே, அது யார் புகை? வண்டிகள், ஆலைகள், கட்டடப் புழுதி, தெருவில் எரியும் குப்பை ஆகியவற்றின் கணக்கு அது. இவற்றை ஒரு வார உத்தரவில் அடக்க முடியாது. ஆண்டு முழுவதும் குறைத்து வர வேண்டும்.

"எங்கள் சென்னையில் கடல் இருக்கிறது" என்று நம்மவர் பெருமை பேசுவதும் உண்டு. 2018 ஜனவரி 13ஆம் நாள் போகிப் புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தையே திணற அடித்தன. கடல் பக்கத்தில்தான் இருந்தது! மார்கழி விடியலில் டயரைக் கொளுத்தினால் எந்த ஊர்க் காற்றும் சுமக்காது.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். விடுதி வாயிலில் இரவெல்லாம் கண்விழிக்கும் காவலாளிகள் கிடைத்த விறகையும் அட்டையையும் எரித்துக் குளிர் காய்கிறார்கள். அந்தப் புகையை முதலில் விழுங்குகிறவர்களும் அவர்களே. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குளிருக்கு வேறு வழி நாம் தந்தோமா? காவலாளிகளுக்கு மின் கணப்பு தர வேண்டும் என்று தில்லிக்கான அரசின் திட்டமே குடியிருப்புச் சங்கங்களுக்குச் சொல்கிறது. பொங்கல் விழாவுக்குத் திரட்டும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, வாயிலுக்கு ஒரு மின் கணப்பும் ஆளுக்கொரு கம்பளியும் வாங்கித் தருவோம். உதிர்ந்த இலைகளை எரிக்காமல் எருக்குழியில் இடும்படி நிர்வாகத்துக்கு எழுதுவோம். இதனால் தில்லி முழுதும் தூய்மையாகிவிடாது. ஆனால் இரவில் நம் வாயிலில் எழும் புகை நின்றுவிடும். அதைச் செய்துவிட்டு, மற்றவர்களிடம் கேட்கப் போவோம்.