தொப்பியில் செருகிய இறகு

அணியிலக்கணம் நடத்தும் நாட்களில் மாணவர் யாரேனும் ஒருவர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஐயா, அணியை நீக்கிவிட்டாலும் பாட்டு நிற்குமா?" நிற்கும் என்றால் அணி வெறும் ஒட்டுவேலை. நிற்காது என்றால் அது அணியே அன்று, பாட்டின் உடல். நெடுநாள் இதற்குத் தண்டியாசிரியரைத் துணைக்கழைத்து விடை சொல்லிவந்தேன். அண்மைக் காலமாக ஐரோப்பியப் பெண்களின் தொப்பிகளைப் பற்றிச் சொல்கிறேன்.

ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' (1813) நாவலில் லிடியா ஒரு தொப்பி வாங்கி வருகிறாள். அது அழகாக இல்லை என்று அவளே ஒப்புக்கொள்கிறாள். வீட்டுக்குப் போனதும் பிரித்துப்போட்டு, வேறு நிறத்துச் சாட்டின் துணி வைத்துச் சரிசெய்துகொள்ளலாம் என்பது அவள் கணக்கு. நாம் அவளுடைய ஊதாரித்தனத்தைக் கண்டு சிரிக்கிறோம். ஆனால் அக்காலத்தில் தொப்பி என்பதே பிரித்துத் தைக்கும் பொருள்தான். வைக்கோல் பின்னிய அடித்தளம் பல பருவங்கள் உழைக்கும்; நாடாவும் பூவும் இறகும் மட்டும் மாறும்.

அப்படி மாற்றுவதற்கேற்ற தையல் தனிக் கலை. இறகின் தண்டில் மெல்லிய கம்பியைச் சுற்றி, வேண்டிய வளைவைக் கொடுத்து, தொப்பியோடு சேர்த்துச் சில தையல்கள் மட்டும் போடுவார்கள். இழுத்துத் தைத்தால் வைக்கோல் நசுங்கும். தளர்த்தித் தைத்தால் இறகு சாயும். தையல் விழுந்த இடத்தை நாடா முடிச்சு ஒன்று மறைத்துவிடும். பட்டறைகளில் தொப்பியின் உருவத்தைச் செய்பவர் வேறு, அணி தைப்பவர் வேறு. பின்னவருக்கே மதிப்பு அதிகம்.

இதுவரை அணி என்பது பிரித்தெடுக்கத்தக்கது, ஆகவே பாதிப்பற்றது என்றுதான் தோன்றும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி அந்த எண்ணத்தைக் கலைத்தது. 1886இல் பிராங்க் சாப்மன் என்ற பறவை ஆர்வலர் நியூயார்க் கடைத்தெருவில் இருமுறை நடந்து, எதிர்ப்பட்ட பெண்களின் தொப்பிகளை எண்ணினார். எழுநூறு தொப்பிகளில் 542இல் இறகுகள் இருந்தன. சிலவற்றில் முழுப் பறவையே பாடம் செய்யப்பட்டு அமர்ந்திருந்தது. நாற்பது வகைப் பறவைகளை அவர் தலைகளின் மேல் அடையாளம் கண்டார்.

மிகுதியாக விரும்பப்பட்டது வெண்கொக்கின் முதுகில் தோன்றும் மெல்லிய தூவி. அது இனப்பெருக்கக் காலத்தில்தான் முளைக்கும். ஆகவே கொக்கு கூட்டில் குஞ்சுகளோடு இருக்கும்போதே சுட வேண்டும். குஞ்சுகள் பசியால் தாமே மடியும். 1903இல் வேட்டைக்காரருக்கு அவுன்சுக்கு 32 டாலர் வரை கிடைத்தது. அன்று ஓர் அவுன்ஸ் தங்கம் ஏறத்தாழ 20 டாலர். நம் வயல்களும் தப்பவில்லை. 1902இல் பிரிட்டிஷ் இந்திய அரசு பறவை இறகு ஏற்றுமதிக்குத் தடை விதிக்க வேண்டியிருந்தது. கடத்தல் அதன் பிறகும் நடந்தது.

இங்கே எளிதாக ஒரு தீர்ப்பு வழங்கிவிடலாம்: பெண்களின் அலங்கார மோகம் பறவைகளைக் கொன்றது என்று. வர்ஜீனியா வுல்ப் 1920இல் எழுதிய கட்டுரையொன்றில் இந்தத் தீர்ப்பைத்தான் மறுத்தார். சுட்டவர்கள் ஆண்கள், விற்றவர்கள் ஆண்கள், தடை மசோதா குழுவுக்குப் போதிய எண்ணிக்கையில் வராமல் அதை வீழவிட்டவர்களும் ஆண்களே என்பது அவர் வாதம். உண்மையில் எதிர்ப்பைத் தொடங்கியவர்கள் பெண்கள். 1889இல் மான்செஸ்டர் அருகே எமிலி வில்லியம்சன் தொடங்கிய சங்கம், உணவுக்காகக் கொல்லப்படாத பறவையின் இறகை அணிவதில்லை என்று உறுதி கேட்டது. தீக்கோழிக்கு மட்டும் விலக்கு. 1896இல் பாஸ்டனில் ஹாரியட் ஹெமன்வேயும் மின்னா ஹாலும் தேநீர் விருந்துகளிலேயே தோழியரைத் திரட்டினார்கள். அமெரிக்காவில் 1918இலும் பிரிட்டனில் 1921இலும் வலுவான சட்டங்கள் வந்தன.

கதை இத்தோடு இனிதே முடியவில்லை. கொல்லாமல் வெட்டியெடுக்கப்படும் தீக்கோழி இறகை நீளமாக்க, அதன் ஒவ்வோர் இழையிலும் இன்னோர் இழையைக் கையால் முடிச்சிட வேண்டும். 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் நியூயார்க்கின் நெருக்கடியான குடியிருப்புகளில் இத்தாலியிலிருந்து குடியேறிய தாய்மாரும் சிறுமியரும் மிகக் குறைந்த கூலிக்கு அதைச் செய்தார்கள். இரத்தம் படியாத இறகிலும் ஒரு சிறுமியின் கண்பார்வை தேய்ந்திருந்தது.

மாணவருக்கு நான் சொல்வது இவ்வளவுதான். அணியை நீக்கினாலும் தொப்பி நிற்கும்; அதனால் அணி கனமற்றது என்று ஆகிவிடாது. அது எங்கிருந்து வந்தது, யார் கை அதைத் தைத்தது, என்ன விலை கொடுக்கப்பட்டது என்று கேட்பதே அதற்குச் செய்யும் மரியாதை. விலக்க வேண்டியதை விலக்குவதற்கும் அந்தக் கேள்விதான் துணை. கொக்கின் தூவியை மறுத்த பெண்கள் அலங்காரத்தை மறுக்கவில்லை. நாடாவும் துணிப்பூவும் வைத்த தொப்பியோடுதான் தெருவில் நடந்தார்கள்.

நம் மதிப்புரைகளில் 'வெறும் அலங்காரம்' என்ற தொடர் மிக மலிவாகப் புழங்குகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளங்கவிஞரின் முதல் தொகுப்பை நானும் அந்த இரண்டு சொற்களில் முடித்துவைத்தேன். அவருடைய உவமைகள் எந்த வயலிலிருந்து, எவர் பேச்சிலிருந்து வந்தன என்று அன்று நான் பார்க்கவில்லை. அவற்றில் சில கடன் வாங்கிய இறகுகள்தாம். சில அவர் தாமே இழை இழையாக முடிந்தவை. இரண்டையும் பிரித்துச் சொல்வதுதான் விமரிசகன் வேலை. அதைச் செய்யாமல் தொப்பியோடு சேர்த்துத் தூக்கி எறிந்தேன். அந்தத் தொகுப்பை இப்போது மீண்டும் எடுத்து வைத்திருக்கிறேன்.