பால் டம்ளருக்குள் ஒரு பாடம்



இன்று காலையில் பால் குடித்தீர்களா? போத்தனூரில் நம் வீட்டு வாசலுக்கு வரும் அந்தப் பாலுக்குப் பின்னால் மழை, புல், நிலம் மூன்றும் இருக்கின்றன. இவற்றில் ஒன்று குறைந்தாலும், முதலில் காலியாவது ஒரு பெண்ணின் சுருக்குப்பைதான். எப்படி என்று பார்ப்போமா?

மேற்கு ஆப்பிரிக்காவில் ஃபுலானி என்ற மக்கள் வாழ்கிறார்கள். அவர்களில் பலருக்கு மாடு மேய்ப்பதே தொழில். மாட்டை ஓட்டிச் செல்வது ஆண்கள். பாலோ பெண்களின் பொறுப்பு. அதைத் தயிராக்கி, சுரைக்குடுவையில் தலைமேல் சுமந்து போய்ச் சந்தையில் விற்பார்கள். வீட்டுச் செலவு அந்தக் காசில்தான் நடக்கும்.

வடக்கே மழை தவறி மேய்ச்சல் குறைந்ததால், மந்தைகள் தெற்கு நோக்கி நகர்ந்தன. அங்கே விவசாயிகளின் வயல்கள்! சண்டை மூண்டு இரு தரப்பிலும் பல உயிர்கள் போயின. 2017-இல் நைஜீரியாவின் பெனுவே மாநிலம் திறந்தவெளி மேய்ச்சலையே தடை செய்தது. மாடு போக வழியில்லை என்றால் பால் ஏது? சந்தை ஏது?

"எங்கேயோ நடப்பது நமக்கென்ன?" என்கிறீர்களா? நம் கொங்கு நாட்டுக்கு வாருங்கள்.

காங்கயம், மூலனூர் பக்கம் பஸ்ஸில் போனால் கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலங்களைப் பார்க்கலாம். அதற்குக் கொரங்காடு என்று பெயர். உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் இருக்கும். மழை குறைந்த பூமியில் மாடு வளர்க்க நம் முன்னோர் கண்ட வழி இது. புகழ்பெற்ற காங்கயம் மாடுகள் மேய்ந்து வளர்ந்தது இங்கேதான்.

2016-இல் என்ன நடந்தது தெரியுமா? தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை சராசரியாக 440 மி.மீ. பெய்ய வேண்டும். பெய்தது 168 மி.மீ. மட்டுமே! 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. புல் இல்லை, வைக்கோலைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். பால் விற்ற பணம் தீவனத்துக்கே போனது. மாட்டையே விற்றவர்களும் உண்டு.

ஒரு வறட்சியை மட்டும் வைத்துப் பருவநிலை மாறிவிட்டது என்று சொல்லக் கூடாது. ஆனால் பூமி சூடாவதால் கடும் வெயிலும் தாறுமாறான மழையும் கூடுகின்றன என்று விஞ்ஞானிகள் கூறுகிறார்கள். வெயில் ஏறினால் மாடு தீனி குறைவாகத் தின்னும், பாலும் குறையும். வெயில் தாங்கும் நாட்டு மாடுகளைவிடக் கலப்பின மாடுகளுக்கே துன்பம் அதிகம்.

அடுத்தது நிலம். கொரங்காடு வீட்டுமனையானால் அந்த மேய்ச்சல் போனது போனதுதான்.

ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் பிரச்னை வேறு விதம். அங்குள்ள செந்நிற மாடுகள் காட்டில் மேய்பவை. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பிறகு அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று மாற்றியது. 2024-இல் அந்த மலைப்பகுதியில் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம் அமைந்ததும், மாடு வளர்ப்போர் கலங்கினார்கள்.

காட்டு விலங்குகளுக்கும் இடம் வேண்டாமா? வேண்டும். மாடுகளிடமிருந்து நோய் பரவலாம். புல்லுக்குப் போட்டியும் வரலாம். அதே சமயம், காட்டை நம்பி வாழ்வோரின் மேய்ச்சல் உரிமையை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஏற்கிறது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும்போது, உத்தரவு போடுவதற்கு முன் அங்கே வாழ்பவர்களை உட்கார வைத்துப் பேசுவதே முறை. அந்தப் பேச்சில் பால் கறக்கும் அம்மாவுக்கும் ஓர் இடம் வேண்டும். நைஜீரியாவானாலும் பர்கூரானாலும், அவரைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

செல்வங்களே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் பகுதியில் மாடு வைத்திருக்கும் ஓர் அக்காவிடமோ பாட்டியிடமோ இரண்டு கேள்விகள் கேளுங்கள். "பத்து வருஷத்துக்கு முன்னாடி மாடு எங்கே மேஞ்சுதுங்க? இப்ப எங்கே மேயுதுங்க?" பதிலை நோட்டில் எழுதி, வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.